கிணற்றிலிருந்து நாற்பத்தொரு காலடி

எங்கள் ஊரில் செத்தவர்கள் அத்தனை பேரும் எந்த இடத்தில் படுத்திருக்கிறார்கள் என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் நான் சொல்லுவேன். சரி, கொஞ்சம் கூடுதலாகத்தான் அளக்கிறேன். சொல்லத் தெரிந்தவன் என் தம்பி. நான் அவனுக்கு அக்கா, அவ்வளவுதான். அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவள் நிபந்தனை.

இன்று பதினேழாம் வார்டு என்று பலகை தொங்கும் இடம் அன்று அறுபது வீட்டு ஊர். நாங்கள் யாரும் நகரத்துக்குப் போகவில்லை. நகரம்தான் படியேறி எங்கள் வீட்டுக்குள் வந்தது. முதலில் மின்கம்பம், பிறகு பேருந்து. ஒரு நாள் பேருந்தின் நெற்றியில் ஊர்ப் பெயரை அழித்துவிட்டு எண்ணை எழுதினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வருகைப் பதிவேட்டில் ஊர்ப் பெயரை அடித்துவிட்டு அந்த எண்ணை எழுதியது என் கைதான்.

தம்பி குழி வெட்டுகிறவன். ஊருக்கு அவன் குழிக்காரர். கல் நட யாருக்கும் வசதியில்லை. அதனால் இடுகாட்டுக் கிணற்றின் படியில் குதிகாலை வைத்து, மேற்கே இத்தனை காலடி, வடக்கே இத்தனை என்று எண்ணிப் போய் வெட்டுவான். எண்ணெல்லாம் அவன் தலைக்குள். இருபது வருடம் கழித்து மகன் வந்து கேட்டாலும் முணுமுணுத்தபடி நடந்துபோய் நின்று, "அப்பா தலைமாட்டுல நிக்கிறீங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்பான்.

அவனுடைய ஒரே மகள் நாலு வயதில் காய்ச்சலில் போனாள். அவளுக்கும் அவனே வெட்டினான். மேற்கே நாற்பத்தொன்று, வடக்கே பதினாறு. ஒரு செங்கல்லாவது வையடா என்று கெஞ்சினேன்.

"எனக்கு மறந்துடுமாக்கா?" என்றான்.

மறக்கவில்லை. அதுதான் கொடுமை.

அகலச் சாலை வருகிறது, பத்து நாளுக்குள் அவரவர் ஆட்களை எடுத்துக்கொண்டு போய் நகர மயானத்தில் சேர்க்கலாம் என்று இடுகாட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஊரே குழிக்காரரைத் தேடி வந்தது. காலையிலிருந்து மாலை வரை படியிலிருந்து நடப்பதும் வெட்டுவதும்தான் அவன் வேலை. மளிகைக்கடைக்காரர் தன் மாமியாருக்காக வந்து, "மெதுவா வெட்டுங்க, எழுந்து உக்காந்துடப் போறாங்க" என்றபோது அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். தம்பி மனைவி மட்டும் தினமும் கேட்டாள், நம்ம பிள்ளையை எப்போது எடுப்பது என்று. மற்றவர்களுக்கு வழி தெரியாது, நமக்குத் தெரியும், நம்முடையது கடைசியில் இருக்கட்டும் என்றான்.

எட்டாம் நாள் காலையில் போனால் கிணறு இல்லை. அவனுக்கு முன்பே மண் தள்ளும் யந்திரம் வந்து கிணற்றைத் தூர்த்து, வெட்டிய குழிகளையும் சேர்த்து நிரவி, இடுகாட்டையே மேசை போல ஆக்கியிருந்தது. யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று மூடியதாகச் சாலை வேலை மேற்பார்வையாளர் சொன்னார். நல்ல மனிதர்தான். படி எங்கே இருந்தது என்று தம்பி கேட்டதற்குக் கையை நீட்டி ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அந்த வட்டத்துக்குள் ஒரு வீடே கட்டலாம்.

குதிகாலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தம்பி நின்றான். பிறகு ஓர் இடத்தில் வைத்து எண்ணிப் போய் வெட்டினான். வெறும் மண். திரும்பி வந்து ஒரு முழம் தள்ளி வைத்து மறுபடி நடந்தான். இரண்டு நாளில் ஆறு குழி. உள்ளங்கைத் தோல் மண்வெட்டிக் காம்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. மண்வெட்டியைப் பிடுங்கப் போனேன், தரவில்லை.

"நீ கணக்கு டீச்சர்தானே? படி எங்க இருந்துச்சுன்னு போட்டுச் சொல்லுக்கா" என்றான். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பத்தாம் நாள் நண்பகல். யந்திரம் பக்கத்திலேயே உறுமிக்கொண்டு நின்றது. பள்ளிக்கூட ஜன்னல் வழியாக இருபது வருடம் அந்தக் கிணற்றைப் பார்த்தவள் நான். ஜன்னலுக்கும் மின்கம்பத்துக்கும் மனதுக்குள் கோடு இழுத்து, படி இருந்த இடத்தில் போய் நின்றேன். அவன் அங்கிருந்து நடந்தான். ஏழாவது குழியில் பிள்ளை கிடைத்தது. வெள்ளைத் துணியில் முடிந்து நகர மயானத்துக்குக் கொண்டுபோனோம். இந்த முறை கல்லும் வைத்தோம்.

இப்போது அங்கே தார்ச்சாலை. மற்ற இடமெல்லாம் செருப்போடு நடக்கிற தம்பி, இடுகாடு இருந்த அந்த நூறடி வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறான், தார் கொதிக்கிற வெயிலிலும். செருப்பு தேய்ந்துவிடுமென்று பயப்படுகிற கஞ்சன் என்று வார்டு முழுக்கப் பரப்பி வைத்திருப்பவள் நான்தான்.

இதுவரை படித்துக் காட்டினேன். தம்பி மனைவி மடித்து வைத்த துணியை மறுபடி பிரித்தாள்.

"பிள்ளை கிடைச்சதுன்னு எழுதாதீங்க அண்ணி. ஏழாவது குழியிலயும் வெறும் மண்ணுதான். அதுலயே ரெண்டு கை அள்ளி, இவதான்னாரு. நானும் ஆமான்னேன். நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. அந்த ரோட்டுக்கு அடியில எந்த இடத்துல அவ படுத்திருக்கான்னு தெரியல. அதான் நூறடிக்கும் செருப்பக் கழட்டுறாரு."