இடது இறக்கையில் மூன்று மில்லி

நகரக் கண்காட்சியில் இரண்டு முதல் பரிசு. பக்கத்து நகரத்தில் நாற்பத்தொரு பேர் வந்த போட்டியில் ஒரு வெள்ளிக் கோப்பை. அங்கே தோற்றவர்களில் இருவர் விமானத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பொறியாளராக இருந்தவர்கள். பழைய கிட் பிரிவில் தொடர்ந்து மூன்று வருடம் பதக்கம். பல் செட் செய்யும் கூடத்தில் பத்தொன்பது வருட வேலை; அதில் ‘கடிக்க முடியவில்லை’ என்று திரும்பி வந்தது ஆறே ஆறு செட். இவ்வளவும் பாப்பா ஜெயித்தது, எட்டாம் வகுப்புப் படிப்பையும் ஒரே ஒரு கண்ணையும் வைத்துக்கொண்டு.

பாப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அவளை அப்படிக் கூப்பிடுகிறவர் அவளுடைய அண்ணன் மட்டும்தான். முச்சந்தியில் தையல் கடை வைத்திருக்கிற அவரை ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். ஐந்து வயதில் வந்த ஒரு காய்ச்சல் பாப்பாவின் இடது கண்ணை எடுத்துக்கொண்டு போனது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. தேநீர் ஊற்றும்போது கெண்டி மூக்கைக் கோப்பை விளிம்பில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாய்ப்பாள்.

அப்படிப்பட்டவள் எடுத்துக்கொண்ட வேலை, கிட் என்ற பெயரில் பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வருகிற, நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுள்ள குட்டி விமானங்களை ஒட்டுவது. அதிலும் பந்தய விமானங்கள் மட்டும். அதிலும் ஐம்பது, அறுபது வருடத்துக்கு முன்னால் வந்த கிட்கள் மட்டும். அந்தக் காலத்து அச்சுகள் கரடுமுரடானவை. இறக்கை மேல் ஆணித் தலைகளாகத் துருத்தி நிற்கிற ரிவெட்டுகளை நிஜ அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம் வரும். விமானி உட்காரும் கூண்டின் கண்ணாடி, சோடா பாட்டிலின் அடி போலத் தடியாக இருக்கும். பாப்பா ரிவெட்டுகளைத் தேய்த்து எடுத்துவிட்டு, தகடுகள் சேருகிற கோடுகளை ஊசியால் கீறுவாள். பல் கூடத்தில் மிஞ்சிய ஜிப்சத்தில் அச்சு செய்து, மெல்லிய தகட்டைச் சூட்டில் இழுத்துப் புதுக் கூண்டு போடுவாள்.

“வீட்ல இத்தன விமானம் இருக்கு, பறக்கிறது என்னவோ தூசி மட்டும்தான்” என்பாள் அண்ணி. ஆனால் அவளே யாரையும் பாப்பாவின் வேலை மேசைப் பக்கம் துடைப்பத்தோடு விடமாட்டாள்.

இரண்டு இறக்கையும் சமமா, வால் நேராக நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வது மாஸ்டரின் வேலை. அவருக்கு இரண்டு கண் இருந்தது, எஃகு ஸ்கேல் இருந்தது, முப்பது வருடம் அளவெடுத்த பழக்கம் இருந்தது. போட்டிப் படிவத்தில் இருந்த பெயரும் அவருடையது.

“ஒத்தக் கண்ணுன்னு தெரிஞ்சா பாவம் பாத்து மார்க் போடுவாங்க. எனக்கு அது வேணாம்” என்று முதல் போட்டியிலேயே பாப்பா சொல்லிவிட்டாள்.

அதனால் கண்காட்சி மேசைக்குப் பக்கத்தில் நின்று கைகுலுக்கல் வாங்கியதெல்லாம் மாஸ்டர்தான். முதலில் கூச்சமாக இருந்தது. போகப் போக அது பழகிவிட்டது. பழகியதைவிட மோசம், பிடித்தும் போனது.

அந்த வருடம் ஓய்வுபெற்ற விமான மெக்கானிக் ஒருவர் கடைக்கு வந்தார். எண்பத்திரண்டு வயது. கையில் மங்கிப்போன ஓர் அட்டைப் பெட்டி. இருபது வயதில் அவர் வேலை பார்த்த சிவப்புப் பந்தய விமானத்தின் கிட் அது. வந்த புதிதில் வாங்கியது. கை நடுங்கத் தொடங்கும்வரை நாளை, நாளை என்று தள்ளியே வைத்திருந்துவிட்டார்.

“நீங்க கட்டுங்க மாஸ்டர். கண்காட்சியில அது நிக்கிறத ஒரு தடவ பாத்துட்டா போதும் எனக்கு” என்றார்.

மாஸ்டர் பெட்டியை வாங்கிக்கொண்டார். ‘கட்டுவது நான் இல்லை’ என்று சொல்ல அப்போது நேரம் இருந்தது, சொல்லவில்லை.

நான்கு மாதம் வேலை நடந்தது. பந்தய எண் அச்சடித்த ஒட்டுப்படம் மஞ்சளாகிப் போயிருந்தது. பாப்பா அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மூன்று வாரம் வெயில் காட்டி வெளுக்க வைத்தாள். இறக்கைகளைப் பொருத்துவதற்கு முன்னால் ஒரு மாலை அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, இத அளந்து பாரேன். இடது நீளமாத் தெரியுது. என் கண்ணு பொய் சொல்லுதா?”

மாஸ்டர் ஸ்கேலை வைத்தார். “மூணு மில்லி நீளம். கண்ணு சரியாத்தான் சொல்லுது, அச்சுதான் தப்பு.”

“அச்சு வெட்டினவனுக்குத் தெரியாமலா போச்சு?”

“தெரிஞ்சவன் ரிவெட்ட இம்மாம் பெருசா வைப்பானா? ஒரு கை நீளம், ஒரு கை குட்டைன்னு சட்டை தச்சுக் குடுத்தா எவனாவது வாங்குவானா?”

“அந்தப் பெரியவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டா என்ன?”

“கேட்டா, மாஸ்டருக்கு அளக்கவும் தெரியலன்னு நெனப்பாரு. ராவி விடு.”

பாப்பா இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் கண்ணைவிட அண்ணனின் ஸ்கேலை நம்பியே பழக்கப்பட்டவள். இடது நுனியில் மூன்று மில்லி ராவி எடுத்து, வளைவைப் பழையபடி உருட்டினாள். அதன் மேல் ஏழு பூச்சு சிவப்பு ஏறியது. எண் படம் நுனிவரை வழுக்கிக்கொண்டு போய்ப் படிந்தது. விமானம் கண்ணைப் பறித்தது.

ஞாயிறு கண்காட்சி. வெள்ளிக்கிழமை மத்தியானம் மெக்கானிக் தன் பழைய கோட்டோடு கடைக்கு வந்தார். உடம்பு வற்றிவிட்டது, கோட்டை உள்ளே பிடித்துத் தைத்து, அளவு குறைத்துத் தர வேண்டும். மாஸ்டர் அவரை நிற்கவைத்து முதுகில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்.

“வலது தோள் கொஞ்சம் எறங்கியிருக்கு. அந்தப் பக்கம் பஞ்சு வெச்சுத் தச்சிடுறேன். மனுஷன்ல முக்காவாசிப் பேருக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது.”

“மனுஷன விடுங்க, எங்க சிவப்புக் கழுதைக்கே அப்படித்தானே?” பெரியவர் சிரித்தார். “இன்ஜின் சுத்துற வேகத்துல ஒரு பக்கமா சாயும். அதத் தாங்கத்தான் இடது இறக்கைய ஒரு சாண் நீளமா வெச்சாங்க. பாக்கிறவன் எவனுக்கும் தெரியாது. தொடைக்கிறவனுக்குத் தெரியும். அந்த ஒரு சாணத் தொடச்சவன் நான்.”

ஒரு சாணை எழுபத்திரண்டால் வகுத்தால் மூன்று மில்லி என்று மாஸ்டர் கணக்குப் போடவே தேவையில்லை. சுண்ணக்கட்டி கையிலேயே உடைந்தது.

சனிக்கிழமை பாப்பா வேலை முடிந்து வந்தபோது, அண்ணன் விமானத்துக்கு முன்னால் ஸ்கேலோடு உட்கார்ந்திருந்தார். தைத்து முடித்த துணியைத் திரும்ப அளக்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

“என்ன ஆச்சு?”

அவர் சொன்னார். நடுவில் ஒன்றையும் விடாமல், பெரியவரிடம் கேட்கவேண்டாம் என்று தான் தடுத்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னார். பாப்பா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நுனியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“ஒட்டுப்போட முடியாதா?” என்றார் மாஸ்டர்.

“மூணு மில்லி ஒட்டலாம். ராவணும், ஏழு பூச்சும் மறுபடி ஏறணும், காயணும். நாளைக்கு ஆகாது. அதுவும் போகட்டும், நம்பர் நுனிவரைக்கும் ஒட்டியிருக்கு. அது கிழிஞ்சா வேற கிடையாது.”

“நடுவருங்களுக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா. பெரியவருக்கும் கண்ணு மங்கல்…”

“மங்கல்னா?” அவள் நிமிர்ந்தாள். “எனக்கு இருக்கிறதே ஒண்ணு. எனக்குத் தெரியல?”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். சமையல் பக்கத்திலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கேலி எதுவும் செய்யாமல் திரும்பிப் போனாள்.

ஞாயிறு காலை மண்டப வாசலில் பதிவு மேசை போட்டிருந்தார்கள். படிவத்தில், ‘கிட்டில் செய்த திருத்தங்கள்’ என்று ஒரு கட்டம் உண்டு. பாப்பா வீட்டிலேயே அதை நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள். ரிவெட்டுகள் நீக்கம், கூண்டு புதிது, புகைக்குழாய்கள் துளையிடப்பட்டன. கடைசி வரி: இடது இறக்கை மூன்று மில்லி குறைக்கப்பட்டது, இது தவறு, அசல் விமானத்தில் அந்த இறக்கை நீளமானது.

மேசையில் இருந்த பெண் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். “இத எழுதினா மார்க் போயிடுமே மாஸ்டர்? சரி, போன வருஷம் மாதிரியே உங்க பேருதானே?”

மாஸ்டர் பேனாவை எடுத்தார். பாப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பேனாவ இங்க குடு.”

“தப்பு என்னோடது. நான்தான் போடணும்.”

“ராவின கை எது?”

“ராவச் சொன்ன வாய் எது?”

“வாய்க்கு எந்தப் பிரிவுலயும் பரிசு கிடையாது, அண்ணா. தள்ளு.”

மெக்கானிக் அதற்குள் வந்து பின்னால் நின்றிருந்தார். பிடித்துத் தைத்த கோட்டு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. படிவத்தை எடுத்து மூக்கருகே வைத்துப் படித்தார். பிறகு பெட்டிக்குள் இருந்த விமானத்தைக் குனிந்து பார்த்தார். குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

“வெட்டினது நீயாம்மா?”

“ஆமாங்க.”

“அந்தக் கூண்டுக் கண்ணாடி?”

“அதுவும் நான்தாங்க.”

“போன வருஷம் பாத்தேனே, மஞ்ச விமானம்…”

“எல்லாமே இவதாங்க” என்றார் மாஸ்டர். “நான் அளவு எடுக்கிறவன். அதையும் ஒழுங்கா எடுக்கல.”

பெரியவர் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் மாஸ்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே” என்றார் பெரியவர். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. படிவத்தை மேசைமேல் வைத்து, மடங்கிய மூலையை நீவிவிட்டு, அதைப் பாப்பாவின் பக்கம் நகர்த்தினார்.

பாப்பா குனிந்து, அந்தக் கடைசி வரிக்கு நேர் கீழே, தன் முழுப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். ஆறு போட்டிகளில் எந்தப் படிவத்திலும் இல்லாத பெயர் அது. மேசைக்கு மறுபக்கம் நின்று மாஸ்டர் அதைத் தலைகீழாகப் படித்தார். கையெழுத்துக்குக் கீழே அவள் தேதி போட்டாள்: 18 நவம்பர் 2018.