மார்பின் மேல் ஒரு கிலோ

விரல் கணுவால் சிலிண்டரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். காலி என்றால் மணி போல நீளமாக ஒலிக்கும். ஆக்ஸிஜன் நிறைந்திருந்தால் 'டொக்' என்று அதோடு நின்றுவிடும். அளவு காட்டும் முள் ஒன்று மேலேயே இருக்கிறது. அதை அவர் மதிப்பதில்லை. "அது நேத்து வந்த முள்ளு. நான் இருபத்தாறு வருஷமா இருக்கேன்" என்பார். பிறகு சிலிண்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து, விளிம்பிலேயே உருட்டிக்கொண்டு நடப்பார். குடித்துவிட்டுத் தள்ளாடும் நண்பனைத் தோளில் சாய்த்து வீட்டுக்குக் கூட்டிப்போவது போல இருக்கும்.

வயது ஐம்பத்திரண்டு, எடை தொண்ணூற்று நான்கு கிலோ. அதில் பாதி வயிறு. மருத்துவமனையில் எல்லாருக்கும் அவர் சிலிண்டர் அண்ணன். குழந்தைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மட்டும் இரண்டு வாரமாக 'மெத்தை'. அவருக்கு இதில் வருத்தமில்லை. "சிலிண்டர்னு கூப்பிடறதுக்கு மெத்தை எவ்வளவோ தேவல."

வாய் ஓயாது. வாசல் காவலாளியிடம் தொடங்கும் பேச்சு மூன்றாவது மாடியில்தான் முடியும். ஆண்டவரிடமும் அதே குரலில்தான் பேசுவார். காலையில் வேலையைத் தொடங்குமுன் சிலிண்டர் அறைக்குள் போய், சட்டையின் கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு, விறைப்பாக நின்று, முந்தின நாள் செய்ததையெல்லாம் ஒப்பிப்பார். "லிஃப்ட் ரிப்பேரு, ஒரு பெரியவர மூணு மாடி தூக்கிட்டுப் போனேன் ஆண்டவரே. கேன்டீன்காரன ஏசிட்டேன், அது தப்புதான்." அவர் மனைவிக்கு இதில் பெரிய சந்தேகம். "இந்த மனுஷன் ஜெபம் பண்றாரா, சூப்பர்வைசர்கிட்ட லீவு கேக்கறாரான்னே தெரியல."

அந்த விறைப்புக்கு ஒரு பழைய காரணம் இருந்தது. சின்ன வயதில் அவர் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டால், ஏதோ தப்பு வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். கைகால் கழுவி, பட்டனெல்லாம் போட்டுக்கொண்டுதான் எதிரே போய் நிற்க வேண்டும். பரலோகத்தில் இருப்பவரையும் அப்பா என்று கூப்பிடச் சொன்னபோது, அவருக்குத் தெரிந்த மாதிரிதான் போய் நின்றார்.

அவரை 'மெத்தை' ஆக்கிய குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். தொள்ளாயிரத்து எண்பது கிராம். மூன்றாம் நாள் தாய் சொல்லாமல் போய்விட்டாள். கொடுத்திருந்த முகவரியில் அப்படி ஒரு வீடே இல்லை. நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் பொடிசு. பொடிசுக்கு ஒரு கெட்ட பழக்கம்: மூச்சு விட மறந்துவிடுவாள். கருவி அலறும், யாராவது ஓடிப்போய் உள்ளங்காலைச் சுண்டுவார்கள், அவளுக்கு ஞாபகம் வரும். ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டுத் தடவை. "பெட்டிச் சூடு மட்டும் போதாது. மனுஷ உடம்பு வேணும். மார்போட மார்பா தினம் ஒரு மணி நேரம்" என்றார் டாக்டர். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை.

மற்ற குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ இருந்தார்கள். தலைமை நர்ஸின் பார்வை அறையைச் சுற்றிவந்து, மூலையில் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தவர் மேல் நின்றது.

"அண்ணே, சளி, இருமல், தோல் வியாதி ஏதாவது உண்டா?"

"எனக்கு ஒரே வியாதிதான் சிஸ்டர். வாய்."

"அத மூடிக்கிட்டு ஒரு மணி நேரம் உக்கார முடியுமா?"

ரத்தப் பரிசோதனை, பெரிய டாக்டரின் கையெழுத்து என்று இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வந்து நின்றார். முகச்சவரம் செய்து, கழுத்து முழுக்கப் பவுடர் அப்பி, மகளின் சென்ட்டை எடுத்து அடித்துக்கொண்டு.

தலைமை நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னண்ணே, பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க?"

"குழந்தையத் தூக்கப் போறோமேன்னு சுத்தபத்தமா..."

"இந்த வாசனையில அதுக்கு மூச்சு முட்டிரும். போய்த் தேய்ச்சுக் குளிச்சிட்டு வாங்க. உங்க வாசனையே போதும்."

"என் வாசனையா? என் பொண்டாட்டிகிட்ட சொல்லிப் பாருங்க, சிரிப்பா."

"இவளுக்கு அதுதான் வேணும். போங்க."

குளித்து வந்தார். சட்டையைக் கழற்றிச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, பொடிசை அவர் நெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, ஒரு துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டினார்கள். எழுபது கிலோ இரும்பை ஒற்றைக் கையால் உருட்டுகிறவருக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. அவளுடைய முழு முதுகும் அவருடைய நான்கு விரலுக்குள் அடங்கிவிட்டது. அசைந்தால் என்ன ஆகுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க மொதல்ல மூச்சு விடுங்க" என்றார் தலைமை நர்ஸ். "உங்க நெஞ்சு ஏறி எறங்கறத வச்சுத்தான் அவ கத்துக்கணும்."

அன்றைக்கு ஒரே தடவைதான் கருவி அலறியது. அந்த வாரக் கடைசியில் அவர் நெஞ்சில் கிடக்கும் நேரத்தில் அலறவே இல்லை. பத்தாம் நாள் அவர் கிசுகிசுத்தார்.

"சிஸ்டர், இவ எனக்கு என்ன செஞ்சிருக்கா? கண்ணத் தொறந்து ஒரு தடவ பாத்தது கிடையாது. ரெண்டு தடவ ஒண்ணுக்குப் போயிருக்கா. அவ்வளவுதான். ஆனா இவளுக்கு ஒண்ணுன்னா என் உசுரையே..." துணியின் ஓரத்தை அவள் தோள்வரை இழுத்துவிட்டார். "ஆண்டவரும் இப்படித்தானா சிஸ்டர்? ஒண்ணுமே செய்யலன்னாலும், சும்மா கெடந்தாலே போதுமா அவருக்கு? நான் இத்தன வருஷமா பட்டனப் போட்டுக்கிட்டு நின்னிருக்கேனே."

"பேசாதீங்கண்ணே. அவ தூங்கறா" என்றார் தலைமை நர்ஸ்.

மறுநாள் சிலிண்டர் அறையில் எப்போதும்போல நின்றார். ஒப்பிக்க எதுவும் வரவில்லை. இருந்தும் வெகுநேரம் வெளியே வரவில்லை.

பொடிசு நேற்று ஒரு கிலோவைத் தொட்டாள். வார்டே கொண்டாடியது. இன்று காலை பத்தே காலுக்கு, அவர் நெஞ்சின் மேலேயே, மூச்சை நிறுத்தினாள்.

கருவி அலறியது. பக்கத்துப் பெட்டியில் இன்னொரு குழந்தைக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் கையை விட முடியாமல் கத்தினாள்: "கால சுண்டுங்கண்ணே!" சுண்டினார். அசைவில்லை. மறுபடி சுண்டினார். இரண்டு விரலால் முதுகைத் தேய்த்தார். உதட்டோரம் நீலம் படர்ந்தது. அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வயிறு முட்ட மூச்சை இழுத்தார். அவள் அதன் மேல் அலையில் போகும் ஓடம் போல உயர்ந்தாள். விட்டார், இறங்கினாள். "இங்க பாருடி... இப்படித்தான்... என்கூட வா." மறுபடி இழுத்தார். தலைமை நர்ஸ் ஓடிவந்து ஆக்ஸிஜன் முகமூடிக்குக் கை நீட்டிய அந்தக் கணம், அவர் விரல்களுக்கு அடியில் அந்தத் துளி முதுகு துள்ளியது. ஒரு மூச்சு. இடைவெளி. இன்னொன்று.

திரையில் எண்கள் ஏறின. நீலம் வடிந்து சிவப்பு வந்தது.

"வந்துட்டா" என்றார் தலைமை நர்ஸ். அவருக்கே மூச்சு வாங்கியது. "குடுங்கண்ணே, பெட்டியில வச்சிரலாம்."

"இன்னும் ஒரு மணி நேரம் ஆகல சிஸ்டர்."

தலைமை நர்ஸ் எண்களைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், துணியை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு நகர்ந்தார்.

சிலிண்டர் அண்ணனின் கண்கள் நிறைந்துவிட்டன. ஒரு கை முதுகின் மேல், ஒரு கை தலையின் மேல். துடைத்துக்கொள்ள எந்தக் கையையும் எடுப்பதாக இல்லை. சொட்டு அவள் மேல் விழுந்துவிடும்போல இருந்தது. முகத்தைக் கூரையைப் பார்க்க மல்லாத்திக்கொண்டார். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்க, அப்படியே மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.