கலங்கரை விளக்கத்துக்கு மாப்பிள்ளை போட்ட திட்டம்

எங்கள் தெருவில் அவளைக் கத்திரி என்றுதான் சொல்வார்கள். தொழிலைப் பார்த்து வைத்த பேரா, வாயைப் பார்த்து வைத்த பேரா என்று கேட்டால் அவளே சிரிப்பாள். "ரெண்டும் ஒரே கடையில வாங்கினதுதான்."

பெண்களுக்கு முடி வெட்டும் கடை அவளுடையது. இரண்டு நாற்காலி, தலை அலச ஒரு தொட்டி, பின்னால் திரை போட்ட சின்ன அறை. பக்கத்துக் கடையில் நான் பொத்தானும் ஜிப்பும் லேசும் விற்கிறேன். மத்தியானம் வியாபாரம் தூங்கி வழியும்போது அவள் கடை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வேன். அதனால் நடந்ததில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி அவள் வாயால் கேட்டது.

மகள் தவழும் வயதில், வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பிய புருஷன் திரும்பி வரவில்லை. "அவரு வேலைய இன்னும் தேடிக்கிட்டிருக்காரு. நான்தான் அவரத் தேடுறத விட்டுட்டேன்" என்பாள். சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்வாள். ஆனால் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. வீட்டில் நிலையாக இருக்கிறவனாக இருக்க வேண்டும்.

அப்படியே கிடைத்தான். தொழிற்சாலைகளில் தீப்பாதுகாப்புப் பார்க்கும் வேலை. குரல் உயர்த்தாதவன். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசையாக வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவான். தங்கமான பையன் என்று தெருவே சொன்னது. நானும்தான் சொன்னேன்.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே உயரம் என்றால் உயிர் போய்விடும். ஸ்டேஷன் பக்கத்து நடைமேம்பாலத்தில் ஏற மாட்டாள். ரயில்வே கேட் வரை சுற்றிக்கொண்டு போய்த்தான் மறுபக்கம் வருவாள். அச்சகம் ஒன்றில் அட்டைகளுக்கு வடிவம் போடும் வேலை பார்த்தாள். அங்கேயும் மாடியில் இடம் கொடுத்தபோது கெஞ்சிக் கேட்டு, காகிதக் கட்டுகளுக்கு நடுவே கீழ்த்தளத்திலேயே மேஜை போட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையையும் விட்டுவிட்டாள். "அவர்தான், எதுக்கு அலையிறேன்னு கேட்டாரு" என்று அம்மாவிடம் சொன்னாள்.

மாப்பிள்ளை வீடு வாங்கியது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்திரி அங்கே சாப்பிடப் போனாள். கூடத்தில் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. பால்கனி கண்ணாடிக் கதவில் தொங்கிய திரைகளைக் காணோம். துவைக்கப் போட்டிருக்கிறதா என்று கேட்டாள்.

"இல்ல அத்தை, கழட்டிட்டேன்" என்றான் மாப்பிள்ளை. "கண்ணு பழகணும்ல."

சாப்பிட்டு முடித்ததும் தொலைக்காட்சித் திரையில் கடற்கரை வரைபடத்தைக் கொண்டுவந்தான். வரும் சனி, ஞாயிறு மூன்று பேருமாகப் போகிறோம் என்றான். மூன்று கலங்கரை விளக்கங்கள். சனிக்கிழமை காலையில் முதலாவது, சாயங்காலம் இரண்டாவது, ராத்திரி நடுவில் ஒரு விடுதி, மறுநாள் மூன்றாவது. எங்கே நிறுத்தித் தேநீர் குடிப்பது, எந்தப் பக்கம் வெயில் விழாது, யார் எங்கே உட்காருவது, எல்லாம் முடிவாகியிருந்தது.

கத்திரிக்கு உள்ளூரச் சந்தோஷம். மாமியாரைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போகிற மாப்பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கிறான்? இருந்தாலும் கேட்டாள். "இவளுக்குத்தான் உயரம் ஆகாதே மாப்பிள்ளை?"

"அதுக்குத்தானே அத்தை போறோம். பயத்த வேரோட எடுத்துடலாம்." அவன் விரல் வரைபடத்தில் கரையோரமாக நகர்ந்து நின்றது. "மூணாவதுல மேல கைப்பிடிக் கம்பி கொஞ்சம் தாழ்வு. அதான் அத கடைசியா வச்சிருக்கேன். பரீட்சை மாதிரி."

மகள் சர்க்கரை கரைந்துபோன தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கரண்டிச் சத்தம் நிற்கவே இல்லை. மாப்பிள்ளை மெதுவாகக் கையை நீட்டி அவள் விரல்களிலிருந்து கரண்டியை எடுத்து, துடைத்து, தட்டின் ஓரத்தில் வைத்தான்.

அந்த வாரம் முழுக்க அவனிடமிருந்து போன் வந்துகொண்டிருந்தது. அத்தை, வழுக்காத செருப்பாக் கொண்டு வாங்க. அத்தை, காத்து அதிகமா இருக்கும், முந்தானை பறக்காம ஊசி வச்சுக்குங்க. நல்ல விஷயங்கள்தான். வியாழக்கிழமை இன்னொன்று சொன்னான். "ரெண்டு நாளும் யாருக்கும் போன் வேணாம் அத்தை. என்கிட்ட குடுத்துடுங்க, வண்டியில பூட்டி வச்சிடறேன். குடும்பமா இருப்போம்."

போனை வைத்துவிட்டுக் கத்திரி என்னைப் பார்த்தாள். "இதுல தப்பு ஒண்ணுமில்லல்ல?"

"ஒண்ணுமில்ல" என்றேன். நாங்கள் இரண்டு பேருமே ஏன் குரலைத் தாழ்த்திப் பேசினோம் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மகள் தலை அலசிக்கொள்ள வந்தாள். மாப்பிள்ளை கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் காரை நிறுத்திக் காத்திருந்தான். இன்ஜினை அணைக்கவில்லை. நான் அப்போது அங்கேதான், தலையில் சாயம் பூசிக்கொண்டு ஊற உட்கார்ந்திருந்தேன்.

தொட்டியில் மகளின் தலையைச் சாய்த்து நுரை தேய்த்துக்கொண்டிருந்த கத்திரியின் கை நின்றது. இடது காதுக்குப் பின்னால், முடியைத் தூக்கினால் மட்டும் தெரியும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல். அதில் பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள்.

"என்னடி இது?"

"சீப்புல மாட்டிக்கிச்சும்மா."

ஆயிரம் தலை பார்த்தவள். உதிர்ந்த முடிக்கும் பிடுங்கிய முடிக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியாதா? மகளை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்து, முடி உலர்த்தும் மெஷினை முழு வேகத்தில் போட்டாள். கடை முழுக்க அந்த இரைச்சல். மகள் காதருகே குனிந்தாள்.

"இப்பச் சொல்லு. வெளிய கேக்காது."

மகள் உதடு மட்டும் அசையச் சொன்னது பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கும் கேட்டது. கண்கள் கண்ணாடியில் தெரிந்த காரை விட்டு நகரவில்லை. "பால்கனியில நிக்கவச்சுக் கதவப் பூட்டிடறாரும்மா. கீழ பாத்தாத்தான் தெறப்பேங்கிறாரு. கண்ண மூடினா முடியப் புடிச்சு..."

"எவ்வளவு நாளா?"

"அந்த வீட்டுக்குக் குடி போனதுலேர்ந்தே."

"நீ இங்கயே இரு. நான் போய்ப் பேசிக்கிறேன்."

"ஐயோ, வேணாம்மா! உனக்குத் தெரியாது. இந்தப் பயணம் முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்னு சத்தியம் பண்ணியிருக்காரு."

வெளியே ஹாரன் அடித்தது. ஒரே ஒரு தடவை, சின்னதாக. மகள் ஈரத் தலையோடு எழுந்து போய்விட்டாள். பிடித்து நிறுத்தியிருக்கலாம். கத்திரி மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அது காற்றை ஊதிக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு அவங்களோட போகாதே, போலீசுக்குப் போவோம்" என்றேன் நான்.

"நான் போகலன்னா அவங்க ரெண்டு பேரும் மட்டும் போவாங்க" என்றாள்.

சனிக்கிழமை காலையில் காரில் ஏறும்போது அவன் கையை நீட்டினான். போனைக் கொடுத்தாள். வழியெல்லாம் அவன்தான் பேசினான். எந்தக் கலங்கரை விளக்கம் எத்தனை வருஷத்துக்கு முன்னால் கட்டியது, வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும், எந்தெந்தப் பாறையில் கப்பல்கள் மோதின. மகள் முன்சீட்டில். பின்சீட்டிலிருந்து பார்த்தால் அவள் கழுத்து மட்டும் தெரிந்தது. அது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

முதல் கலங்கரை விளக்கம் ஊருக்கு வெளியே மணல்மேட்டில் தனியாக நின்றது. வானம் மூடியிருந்தது. கடல் சாம்பல் நிறத்தில் கரையை அடித்துக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் வேறு யாரும் இல்லை. வாசலில் ஒரு காவலாளி, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, உங்களுக்கு முட்டி வலி. நீங்க கீழயே இருங்க" என்றான் மாப்பிள்ளை. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

கத்திரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள்.

உள்ளே வளைந்து வளைந்து போகும் இரும்புப் படி. ஈரச் சுவர். மேலே எங்கிருந்தோ அவன் குரல் இறங்கி வந்தது. ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டிருந்தான், குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல. மகள் குரல் கேட்கவில்லை. முட்டி ஒவ்வொரு படிக்கும் குத்தியது. மூச்சு வாங்கி நின்றபோது எண்ணும் சத்தமும் நின்றிருந்தது. வலியை மறந்து ஓட்டமாக ஏறினாள்.

மேலே வெளி மாடத்துக்குப் போகும் குட்டைக் கதவு திறந்து கிடந்தது. காற்று முகத்தில் அறைந்தது. மகள் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கண்களை இறுக்க மூடியிருந்தாள். மாப்பிள்ளை அவளுடைய வலது கையைப் பிடித்துக் கம்பியை நோக்கி, மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. ஒரு மேஜையை இடம் மாற்றுகிறவன் முகம்போல இருந்தது என்றாள் கத்திரி பிறகு.

"கண்ணத் தெற. தெறந்தா விட்டுடறேன்."

கத்திரி கதவு நிலையிலேயே உட்கார்ந்து மகளின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளை, கைய விடுங்க."

"பாதியில விட்டா பயம் ஜாஸ்தியாயிடும் அத்தை. நீங்க கீழ போங்க."

"விடுங்கன்னு சொல்றேன்."

"ரெண்டே நிமிஷம்." அவன் இன்னும் கொஞ்சம் இழுத்தான். மகளின் உடம்பு சுவரை விட்டு நகர்ந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மா என்றுகூட அது தெளியவில்லை.

"கைய விடுடா!"

கல்யாணமானதிலிருந்து வாங்க, போங்க என்று அழைத்தவனைத்தான் அப்படிச் சொன்னாள். அவள் போட்ட கூச்சல் கோபுரம் முழுக்க இறங்கிப் போயிருக்க வேண்டும். கீழே காவலாளி "என்னம்மா அங்க?" என்று கத்திக்கொண்டு ஏறி வரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவன் விரல்களைப் பிரித்தான். சட்டையைச் சரிசெய்துகொண்டு, காவலாளி வந்ததும், "ஒண்ணுமில்ல, அத்தைக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றான்.

இறங்க நேரமானது. மகள் கண்ணைத் திறக்கவே இல்லை. உட்கார்ந்த வாக்கில் ஒவ்வொரு படியாக நகர்ந்தாள். அம்மா அவளுக்குக் கீழே, பின்பக்கமாக இறங்கி, பாதங்களைப் பிடித்து அடுத்த படியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

மாப்பிள்ளை கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "ரெண்டாவதுக்கு நேரமாகுது."

"நாங்க வரல" என்றாள் கத்திரி.

அவன் மறுப்புச் சொல்லவில்லை. இரண்டு பைகளையும் எடுத்து மணல் படாமல் கல்லின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். மாமியாரின் போனைப் பையின்மேல் வைத்தான். மகளின் போனைக் கொடுக்கவில்லை. "நல்லா யோசிச்சுக்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான். கார் போன திசை வீட்டுப் பக்கம் இல்லை. திட்டத்தில் இருந்தபடி இரண்டாவது கலங்கரை விளக்கத்தை நோக்கியே போனது. காவலாளிதான் இவர்களைப் பேருந்து நிறுத்தம்வரை கூட்டிவந்து விட்டார்.

மகள் கடையின் பின்னறையிலேயே தங்கினாள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். காதுக்குப் பின்னால் இருந்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பால்கனியில் நிற்கவைப்பது எந்த வகைக் குற்றம் என்று அந்த அதிகாரிக்கே குழப்பம். தெருவிலோ கதை வேறு மாதிரி ஓடியது. மாப்பிள்ளை வீடு வீடாகப் போய், அவளுக்கு மனநலச் சிகிச்சை தேவைப்படுகிறது, அம்மாதான் தடுக்கிறாள் என்று வருத்தத்தோடு சொல்லியிருந்தான். என் கடைக்கும் வந்தான். வெளியே கிடந்த என் செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு நுழைந்தான். நான் எழுந்து நின்று, "வெளிய போங்க" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கத்திரிக்கு ஒரு செய்தி வந்தது. "அத்தை, விடுதி அறையை ரத்து செய்யவில்லை. எந்த வாரமானாலும் சரி." அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் கார் எதிர்ப்பக்கம் வந்து நின்றது. இறங்க மாட்டான். கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பான். தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது என்று யார் சொல்ல முடியும்?

மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒரு மத்தியானம், இறங்கினான். நானும் இன்னும் இரண்டு பெண்களும் கடைக்குள் இருந்தோம். கதவைத் திறந்து உள்ளே வந்து, காலி நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் எங்களைப் பார்த்தான்.

"முடி வெட்டணும் அத்தை."

"இங்க பொம்பளைங்களுக்கு மட்டும்தான்."

"பரவாயில்ல. காத்திருக்கேன்." நாற்காலியை மெதுவாகப் பின்னறைத் திரையின் பக்கம் திருப்பினான்.

திரை விலகியது. மகள் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அம்மாவின் போன் அவள் காதில் இருந்தது. அவன் பேரையும் கார் எண்ணையும் கடை முகவரியையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆமா சார், உள்ளதான் இருக்காரு. எனக்கு முன்னாலதான் உக்காந்திருக்காரு. சீக்கிரம் வாங்க." குரல் நடுங்கியதுதான். ஆனால் நிற்கவில்லை.

அவன் எழுந்தான். நாற்காலியைப் பழையபடி நேராகத் திருப்பி வைத்தான். கதவருகே நின்று, உயரத்தை அளப்பவன்போல் மேலே பார்த்துவிட்டு, போய்விட்டான்.

அன்று கொடுத்த இரண்டாவது புகாரோடு நானும் அந்த இரண்டு பெண்களும் சாட்சி சொன்னோம். மனைவி இருக்கும் தெருவுக்குள் வரக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. விவாகரத்து வழக்கு நடக்கிறது. மகளை அச்சகத்தில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். அதே கீழ்த்தளம்தான். காலையில் அம்மா கொண்டுபோய் விடுகிறாள், சாயங்காலம் நான் கூட்டிவருகிறேன்.

கார் இப்போது தெருவுக்குள் வருவதில்லை. நேற்று அவளை அழைத்து வரும்போது, தெரு முடிகிற இடத்தில், பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. உத்தரவில் சொன்ன எல்லைக்கு ஒரு அடிகூட உள்ளே இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் வேகத்தைக் கூட்டாமல் நடந்தோம்.