லீவில் போன வேர்

வரவேண்டிய மரங்களை வராமல் செய்தவன் நான். இருந்தவற்றை வெட்டியது சாலைத் துறை. அந்தப் பாவம் அவர்களுக்கு. மிச்சத்தை என் வாய் செய்தது...

சிரிக்காதீர்கள். உங்களைப் போன்றவர்களைச் சிரிக்கவைத்துத்தான் நான் கெட்டேன்!

பரவைக்குப் போகும் சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்துப் புளியமரங்களெல்லாம் சாய்ந்தன. ஒன்றுக்குப் பத்தாகக் கன்று நடுவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதைக் கண்காணிக்கும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். பேச்சுக்காரன், கூட்டம் கலகலப்பாக இருக்கும் என்று. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றினேன்.

நட்டதைப் பார்க்கப் போனேன். வரிசையாக வேம்பு. ஒன்றைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. கன்றல்ல, வெட்டி ஊன்றிய கிளை! பூவரசங்கிளை என்றாலாவது துளிர்க்கும் என்று நம்பலாம். வேப்பங்கிளையை?

என்ன செய்தேன் தெரியுமா? திரும்ப ஊன்றி, மண்ணை அணைத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த குறைதீர் கூட்டத்துக்குப் பஞ்சவர்ணம் அக்கா வந்தார். அந்தப் புளியமரங்களில் ஒன்றின் நிழலில் கொய்யாப்பழம் விற்றவர். கையில் காய்ந்த வேப்பங்கிளை.

"கன்னு நட்டோம்னு சொன்னீகளே, இதுல வேர் எங்கய்யா?"

அதிகாரியின் முகம் வெளுத்தது. அவர் பதில் சொல்லியே ஆகவேண்டிய நொடி அது! நான் முந்திக்கொண்டேன்.

"வேர் லீவுல போயிருக்குக்கா. திங்கக்கெழம வந்துரும்!"

கூடமே குலுங்கியது. அதிகாரிதான் அதிகம் சிரித்தார். அவருக்குத்தானே உயிர் வந்தது! அடுத்த மனுவைக் கூப்பிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. கிளையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வெளியேறினார்.

ஏன் சொன்னேன்? அட்டை பறிபோகும் என்ற பயமா? கிளை கையோடு வந்தும் வாயை மூடிக்கொண்டது தெரிந்துவிடும் என்றா? அல்லது, நாக்கு நுனிக்கு வந்த ஒரு நல்ல ஜோக்கை விழுங்க மனமில்லாமலா? எல்லாம்தான்... கடைசிதான் கூடுதல் என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பார்த்ததையும் மறைத்ததையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது திங்கட்கிழமைதோறும் மனு கொடுக்கும் வரிசையில் நிற்கிறேன். என் முறை வரும்போது ஒரே கேள்வி: வேரோடு நட்ட கன்று எங்கே?

வாய் திறக்குமுன்பே சிரிக்கிறார்கள்! "அண்ணே, இன்னைக்கு யாரு லீவு?" என்று பின்வரிசையில் ஒரு குரல். அதிகாரியும் வாயைப் பொத்திக்கொள்கிறார். பழக்கியவன் நான்தானே... சிரித்து முடிக்கட்டும். காத்திருந்து, அதே கேள்வியை மறுபடி கேட்கிறேன். அங்கே கன்று நிற்கும்வரை நானும் நிற்பேன்!

திரும்பும் வழியில், புளியமரம் நின்ற இடத்தில், அக்கா விரித்த குடை வரும். குடைக்கு வெளியே பாதிக் கூடை வெயிலில் கிடக்கும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பார்:

"என்ன தம்பி, லீவு முடிஞ்சுருச்சா?"

"இன்னும் இல்லக்கா."

பழத்தைத் தராசில் வைப்பார். ஒருமுறையாவது சிரித்துத் தொலைக்கலாம் அவர்...