எடை தெரியாத பை

லிஃப்டை நம்பிப் பிழைப்பவர்கள் அளவுக்கு மாடிப்படி ஏறுகிறவர்கள் யாருமே கிடையாது. லிஃப்ட் ஓடும்போது அவர்களை யார் கூப்பிடப்போகிறார்கள்? நின்றால்தான் என் அண்ணிக்குப் போன் வரும். பதினாறு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கும் இன்ஜினியர். என்ன கோளாறு என்று தெரிய, மோட்டார் அறைக்குப் போய் லேப்டாப்பைச் சொருகிப் பார்க்க வேண்டும். அந்த அறையோ மொட்டைமாடியில் இருக்கும்.

பழைய லேப்டாப் ஒரு பாறாங்கல். சுமந்து சுமந்து அண்ணியின் இடது தோள் இறங்கியே போய்விட்டது. போன வருடம் ஒரு கிலோகூடத் தேறாத ஒன்றை வாங்கிவந்தார். அண்ணன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "உள்ள ஏதாவது இருக்கா, இல்ல வெறும் மூடியைக் குடுத்து அனுப்பிட்டானா?" என்று கேட்டான். ஆனால் அந்த மூடி காலையில் ஏற்றிய சார்ஜில் மாலை வரை உழைத்தது. மாலை ஆனதும் வீட்டுக்குப் பொதுச்சொத்து. அண்ணன் மகள் பாடம் படிப்பாள். நான் வேலைக்கு விண்ணப்பம் போடுவேன், அதாவது செஸ் ஆடுவேன். அண்ணி முகம் சுளித்ததே இல்லை. "முடிச்சதும் பையில வெச்சிடுங்க, அது போதும்" என்பார்.

ஒருநாள் நான் வைக்கவில்லை. ஆடிக்கொண்டே சோபாவில் தூங்கிப்போனேன். பை காலியாகக் கிடக்கிறதே என்று அண்ணன் மகள் தன் ஓவியப் பலகையை அதில் செருகிவிட்டாள். காலையில் அண்ணி பையைத் தோளில் மாட்டினார். கனம் சரியாகவே இருந்தது. பழைய பாறாங்கல்லாக இருந்திருந்தால் தோளே சொல்லியிருக்கும்.

பத்து மணிக்குப் போன் வந்தது. "தம்பி, லேப்டாப் வீட்ல இருக்கா பாருங்க. ஆட்டோ பிடிச்சுக் கொண்டுவாங்க, சீக்கிரம்." ஒரு வார்த்தை திட்டவில்லை.

அண்ணி சொன்ன அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டு மாடியும் ஏறி, நாக்குத் தள்ள நான் போய் நின்றபோது அங்கே ஒரே சத்தம். எட்டாம் மாடியில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். பன்னிரண்டு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம், அரைமணி நேரப் பயணம். முந்தின நாள் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டு, பிறகு தானாகவே கிளம்பியதாம். அதனால் அண்ணி அதை நிறுத்திவைத்திருந்தார்.

"இப்ப சுவிட்சைப் போட்டா ஓடும்தானே? ஒரு தடவை அவரை இறக்கிட்டு அப்புறம் பாருங்களேன்" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"ஓடும் சார். நிக்குமான்னு பாக்கணும்" என்றார் அண்ணி.

"லேப்டாப்பை விட்டுட்டு வந்தது நீங்க. அவஸ்தை எங்களுக்கா?" என்று பெரியவர் வெடித்தார்.

"தப்பு என்னோடதுதாங்க. பையைத் திறந்து பாக்காம வந்துட்டேன்."

நான் அங்கேயே நின்றேன். என் தப்பென்று சொல்ல வாய் வரவில்லை, வெட்கக்கேடு.

அண்ணி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு மேலே போனார். பத்தே நிமிடத்தில், திறந்த லேப்டாப்பைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு கையில் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார். செயலாளரை விட்டுவிட்டு நேராகப் பெரியவர் முன்னால் குந்தி, அவர் மடியில் வைத்தார்.

"ஐயா, இது பிரேக் பிடிக்க எடுத்துக்கிட்ட நேரம். இது போன வாரம். இது நேத்து. ஆள் ஏறி கீழ இறங்கும்போது மட்டும் பாருங்க."

பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். முப்பது வருடம் பிரேக்கில் கை வைத்திருந்த மனிதர்.

"இவ்வளவு லேட்டாவா பிடிக்குது?" என்றார் மெதுவாக. பிறகு செயலாளரைப் பார்த்து, "இதுல நான் ஏற மாட்டேன். யாரும் ஏறக் கூடாது" என்றார்.

"அப்ப கல்யாணம்?"

"தூக்குங்கய்யா, வேற என்ன!"

அண்ணி மோட்டார் அறையில் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிவிட்டு வந்தார். செயலாளர், வாட்ச்மேன், நான், அண்ணி, ஆளுக்கொரு பக்கமாக நாற்காலியைப் பிடித்தோம். லேப்டாப் பெரியவர் மடியிலேயே இருந்தது. நான்காம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, அதைப் பையிலேருந்து எடுத்தது நான்தான். அண்ணி மேல தப்பு இல்ல."

"தெரியும் தம்பி," என்றார் அண்ணி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். "பாக்காம வந்தது நான்தானே? படியைப் பாத்து இறங்குங்க."

பதினொன்று இருபதுக்குக் கார் கிளம்பியது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் மடியிலிருந்து எடுத்த லேப்டாப்போடு அண்ணி மறுபடி படியேற ஆரம்பித்திருந்தார்.

"எங்க போறீங்க? கொஞ்சம் உக்காருங்க அண்ணி!"

"இறங்கினவர் சாயங்காலம் ஏறணும்ல?"

அண்ணி போன் செய்து வரவழைத்த மெக்கானிக் புது பிரேக்கோடு வந்தார். இருவரும் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து வேலை பார்த்தார்கள். மணல் மூட்டைகளை ஏற்றி, இறக்கி, நிறுத்தி, மறுபடி ஏற்றி, இருபது தடவையாவது சோதித்தார்கள். கூலியாகப் படியில் மூட்டை சுமந்தது நான். வாயைத் திறக்காமல் சுமந்தேன்.

ஐந்து மணிக்குப் பெரியவர் மகளோடும் மருமகனோடும் வந்தார். அண்ணி லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் நீட்டினார். கைகளில் கிரீஸ், முழங்கால் வரை தூசி. பெரியவர் அந்தக் கைகளைப் பார்த்தார். திரையை அவரே மூடினார்.

"போதும்மா" என்று சொல்லிவிட்டு, சக்கரத்தைத் தானே உருட்டி முதல் ஆளாக லிஃப்டுக்குள் போனார்.