அறுபத்திரண்டாம் நம்பர்

எங்கள் வீட்டில் வெளியே கிளம்பும்போது பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது எங்கே போகிறோம் என்பதை அல்ல, எத்தனை மணிக்குத் திரும்பி வருவோம் என்பதை. "ஆறு மணிக்கு நாம நாலு பேரும் வீட்ல இருப்போம்" என்று சொன்ன பிறகுதான் செருப்பு மாட்டுவேன். ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்புக் கேட்பது போல இருக்கிறது என்று என் கணவர் கேலி செய்வார். செய்யட்டும். ஒன்பது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதுகூடச் சரியில்லை. நான் கேட்டேன். பொய் சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நாகல் நகரில் இருந்தோம். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். சைக்கிளின் செயின் கார்டில் சொந்தக்காரர் பெயரையும் நம்பரையும் பெயின்ட்டில் எழுதிக் கொடுப்பதில் அவர் கெட்டிக்காரர். அம்மா டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வருடக்கணக்கில் வேலைக்குக் காத்திருந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவாள். அந்த வருடம்தான் நான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினேன். முதல் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதற்கு என்னிடம் மூன்று பொய்கள் இருந்தன. மூன்றையும் விரல் விட்டு எண்ண வைத்து, சாமியாரிடம் ஒன்றுகூட விடாமல் சொல்லும்படி அனுப்பி வைத்தவள் அம்மா.

அந்தக் கோடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம், நாளைக்கு இரண்டே பஸ் போகிற ஊர். வேலை கிடைத்தது எனக்கு நன்றாகத் தெரியும். தெரு முழுக்க லட்டு கொண்டுபோய்க் கொடுத்தவளே நான்தான். அதனால் எனக்கு என்ன ஆகப் போகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தபோது, மிருகப் பூங்காவுக்குக் கூட்டிப் போவதாக அப்பா சொன்னார். தாடிக்கொம்பு தாண்டிப் புதிதாகத் திறந்திருந்தார்கள். யானை வாய்க்குள் நுழைந்து சறுக்கி வரலாம், முதலைப் படகில் போகலாம் என்று வகுப்பில் பாதிப் பேர் போய்வந்து பீற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து அம்மா சாயங்காலங்களில் என் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கவுன், பாவாடை, ஜட்டி, துண்டு எல்லாவற்றிலும் உட்பக்கமாக, சிவப்பு நூலில், 62 என்று தைத்தாள்.

"எதுக்கும்மா நம்பரு?"

"பூங்காவுல அம்புட்டுக் கூட்டமா இருக்குமாம். தொலைஞ்சு போனா இதை வச்சுக் கண்டுபிடிச்சிருவாங்க."

"எல்லாத்துக்கும் எதுக்கு?"

"அன்னைக்கு நீ எந்தக் கவுனைப் போடுவேன்னு அடம்பிடிப்பியோ, யாரு கண்டா."

நியாயமாகத்தான் இருந்தது. நான் அடம்பிடிக்கிற பிள்ளைதான். ஆனால் தம்பியின் சட்டை ஒன்றுகூட அந்தக் குவியலில் இல்லை. அவனுக்கு நாலு வயது. தொலைந்து போவது என்று வந்தால் முதலில் தொலைகிறவன் அவனாகத்தான் இருப்பான். "தம்பிக்கும் தச்சு விடும்மா, பாவம்" என்றேன். அம்மாவின் ஊசி அப்படியே நின்றது. "அவனை நான் இடுப்புலயே வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நூலைக் கடித்து அறுத்தாள். அது எனக்குத் திருப்தியாக இல்லை. பூங்காவில் அவன் கையை விடவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிறு காலை முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தால் வாசலில் வாடகை அம்பாசிடர் நிற்கிறது. கல்யாணத்துக்குத் தவிர நாங்கள் கார் வைத்ததே கிடையாது. தெருப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதற்காக நான் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். ரயில்வே கேட்டில் கார் குலுங்கியபோது பின்னால் டிக்கியில் ஏதோ உருண்டது.

"என்னப்பா அது?"

"டிரைவர் அண்ணன் கார் கழுவுற வாளி" என்றார் அப்பா. டிரைவர் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தார். 

பூங்காவில் எல்லாம் சிமென்ட் மிருகங்கள். புலிக்கு வரிகள் போட்டவர் பாதியில் அவசரமாக எங்கேயோ போய்விட்டார் போல, வாலுக்கு மேல் வெறும் மஞ்சள். உயிரோடு இருந்தவை முதலைப் படகுக் குளத்தில் இரண்டு வாத்துகள் மட்டும். தம்பி புலிக்குப் பயப்படவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்ற முயல் குப்பைத்தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் அலறினான். நான் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். அவன் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது, கவுனில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். அன்று முழுக்க அம்மா என்னை ஒரு சத்தம்கூடப் போடவில்லை. கேட்டதும் ஐஸ் கிடைத்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

யானைக்குள் வர மாட்டேன் என்றான் தம்பி. அவன் கையை எடுத்து அம்மா கையில் ஒப்படைத்துவிட்டு நான் மட்டும் வாய் வழியாக ஏறினேன். உள்ளே இருட்டில் வழி இரண்டாகப் பிரிந்தது. நான் போன வழி அவர்கள் நின்ற பக்கம் வரவில்லை. சறுக்கி விழுந்து எழுந்து பார்த்தால் ஒட்டகச்சிவிங்கியும் தெரியாத முகங்களும்தான்.

நான் அழவில்லை. எனக்குத்தான் நம்பர் இருக்கிறதே. நேராக டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே ஓர் அக்கா மைக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எக்கி நின்று, மனப்பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னேன்.

"நான் தொலைஞ்சு போயிட்டேன். என் நம்பர் அறுபத்திரண்டு."

"என்ன நம்பரு பாப்பா?"

திரும்பி நின்று கழுத்தைக் காட்டினேன். அவர் வெளியே வந்து கவுனின் உட்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பார்த்ததும் சிரித்தார்.

"எந்த ஹாஸ்டல் பாப்பா நீ? சிஸ்டருங்க கூட வந்தியா?"

"இல்ல, எங்க வீட்ல இருந்து வந்தோம்."

"அப்ப லீவுக்கு வந்திருக்கியா? இது ஹாஸ்டல் நம்பருல்ல. வெளுக்கப் போட்டா மாறிறக் கூடாதுன்னு தைப்பாங்க. நானும் ஆறு வருசம் போட்டிருந்தேன். எனக்கு முப்பத்தெட்டு."

"இது ஹாஸ்டல் நம்பரு இல்ல. நான் தொலைஞ்சு போகாம இருக்கத்தான் எங்கம்மா தச்சாங்க" என்றேன். குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அந்த அக்காவின் சிரிப்பு நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கவுனைச் சரிசெய்து, முடியை எடுத்துப் பின்னால் விட்டு, "ஆமா, அதுக்கும்தான் தைப்பாங்க" என்றார்.

மைக்கில் மஞ்சள் கவுன் போட்ட பாப்பா என்று சொன்னதும் அம்மா ஓடி வந்தாள். ஓடுகிற அம்மாவை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படி அழுதாள். ஐந்து நிமிடம் காணாமல் போனதற்கு இவ்வளவு அழுகை அதிகம் என்று தோன்றியது. அவள் தோளில் இருந்தபடியே கேட்டேன்.

"நாம எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவோம்?"

"சாயங்காலம்."

"நானும் தானே?"

அம்மா என்னை விலக்கி, கண்ணைப் பார்த்தாள். "இதென்ன கேள்வி பாப்பா. எல்லாரும் சேந்துதான் போவோம்."

என் வாழ்க்கையில் எனக்கு நடந்த துரோகம் எது என்று யாராவது கேட்டால், ஹாஸ்டல் என்று சொல்ல மாட்டேன். இந்த ஒரு வரியைச் சொல்வேன். ஏனென்றால் நான் அதை நம்பினேன். அந்த அக்கா ஏதோ உளறுகிறார் என்று முடிவு கட்டிவிட்டு, வேப்ப மர நிழலில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தேன். எப்போதும் தம்பிக்குப் போகிற கால் துண்டை அம்மா என் இலையில் வைத்தாள். அவன் அழுதான். நான் பாதி பிய்த்துக் கொடுத்தேன்.

நாலு மணிக்குக் கார் வெளியே வந்தது. டவுனில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் வீட்டுக்கு வழி சொல்லத் தெரியும். ஊர் நடுவில் நிற்கிற மலைக்கோட்டைப் பாறையைப் பார்த்துப் போனால் போதும், பாறை பெரிதாகிக்கொண்டே வந்தால் வீடு வருகிறது. நான் முன்சீட்டில் அப்பா மடியில் இருந்தேன். முன் கண்ணாடியில் பாறை இல்லை. திரும்பிப் பார்த்தேன். பின் கண்ணாடியில், அம்மாவின் தலைக்கும் தம்பியின் தலைக்கும் நடுவில் இருந்தது.

"அப்பா, மலை பின்னால போகுது."

அப்பா என்னைச் சுற்றியிருந்த கையை இறுக்கினார். அவ்வளவுதான்.  பாறை சிறிதாகிச் சிறிதாகி ஒரு வளைவில் மறைந்தது. அதன் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய்தான் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஹாஸ்டல் கேட்டில் அப்பா, "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றார். டிரைவர் டிக்கியைத் திறந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார், பாயும் தலையணையும் சுருட்டி வைத்த மூட்டையை இறக்கினார், கடைசியில் அந்த வாளியை இறக்கினார். பச்சை வாளி. அதில் வெள்ளைப் பெயின்ட்டில் 62. வால் சுருண்ட இரண்டு. நாகல் நகரில் ஓடுகிற பாதி சைக்கிள்களில் இருக்கும் அப்பாவின் இரண்டு. அம்மா நூலில் எழுதியதை அவர் கடையில் உட்கார்ந்து பெயின்ட்டில் எழுதியிருக்கிறார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக என் காதில் பூச் சுற்றியிருக்கிறார்கள்.

அம்மா காரை விட்டு இறங்கவே இல்லை. "அம்மாவுக்குத் தலைவலிப்பா" என்றார் அப்பா. தம்பி மட்டும் கார் கதவில் தொங்கிக்கொண்டு, "அக்கா, ஏறு, ஏறு" என்று கத்தினான். நான் அவனைப் பார்த்துக் கையாட்டினேன். அவர்களைப் பார்க்கவில்லை.

இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, என் முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, அன்று ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கேட்பேன் என்று தெரிந்தவள் போலத்தான் பதில் சொன்னாள்.

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்."

"அழுதிருப்ப."

"அழுதுக்கிட்டே வந்திருப்பேன்மா."

அவள் அடுத்த பல்லை எடுத்து உரித்தாள். நான் சொன்னது உண்மை. தம்பி சின்னவன், அம்மாவுக்கு வேலை, அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது, கொஞ்ச நாளைக்கு நீ போ என்று சொல்லியிருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருப்பேன். நான் அந்த மாதிரிப் பிள்ளை. என்னைப் பெற்றவளுக்கு அது தெரியவில்லை என்பதுதான் ஆறவில்லை. அந்தப் பொய்யை அவள் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாளா என்றும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஆனால் அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தப் பூண்டு நாளோ, அந்தக் கார் நாளோ அல்ல. ஹாஸ்டலில் முதல் பார்வை ஞாயிறு. வீட்டிலிருந்து வருகிறவர்கள் வராண்டா பெஞ்சில் காத்திருப்பார்கள். வர மாட்டேன் என்று நான் அரைமணி நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தம்பியும் வந்திருக்கிறான் என்று சிஸ்டர் சொன்ன பிறகுதான் இறங்கிப் போனேன்.

அம்மா முறுக்கு கொண்டுவந்திருந்தாள். நான் வாங்கவில்லை. தம்பி ஓடி வந்து என் முன்னால் நின்று, டக்கென்று முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கையாலும் சட்டைக் காலரை மடக்கினான்.

"அக்கா, எனக்கும் அறுபத்திரண்டு."

சிவப்பு நூல். அம்மாவின் தையல். அன்று காலையில் தைத்தது போலப் புதிதாக இருந்தது.

நான் அவனை அப்படியே மடியில் இழுத்துப் போட்டுக் குனிந்து, நூலைப் பல்லால் கடித்தேன். ஒரு முடிச்சு அறுந்தது. நகத்தால் கிண்டி இழுத்தேன். அவன் "என் நம்பரு, என் நம்பரு" என்று கத்த ஆரம்பித்தான். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் பாப்பா பிரிக்கிற?" என்றாள் அம்மா. "அக்கா மாதிரி வேணும்னு ராத்திரியும் பகலும் அழுதான். தொலையாம இருக்குமாம்ல. நீதான் சொன்னியாம்."

"இது இருந்தாத்தாம்மா தொலைஞ்சு போவான்."

 தம்பி திமிறித் திமிறி அழுதான். ஆறு போய்விட்டது, இரண்டு மட்டும் இருந்தது. அவன் ஆட்டிய ஆட்டத்தில் என் நகம் அவன் கழுத்தில் பட்டுவிடும் போலிருந்தது. அப்போது அம்மா பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். நான் கடைசி நூலையும் எடுத்து முடிக்கும் வரை அவன் இரண்டு கையையும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.