மண்ணை முகர்ந்தவர்

அடையாற்றில் தள்ளுவண்டியில் செடி விற்பவர் அவர். நகக்கண்ணெல்லாம் செம்மண். எந்தச் செடியானாலும் முதலில் தொட்டி மண்ணைக் கிள்ளி முகர்வார். மறைந்த என் மனைவி விதைத்த ஆவாரஞ்செடி வாடியபோது, தொட்டியோடு அவரிடம் ஓடினேன்.

“இன்னா சார், காப்பி வாசன வருது?”

“தினம் காப்பிச் சக்கை போடறேன். ரெண்டு வேளை தண்ணி.”

“மாப்ளைக்கு விருந்தா வெக்கிறே? ஆடு மேயற பொட்டல்ல, சரளை மண்ணுல, வெயில்ல கெடந்து பூக்கற செடி சார் இது. ஈரம் நின்னா வேரு அழுகிப்பூடும்.”

சக்கை கலந்த பழைய மண்ணைக் கீழே கொட்டிவிட்டு, மணலும் செங்கல் தூளும் கலந்து நட்டுத் தந்தார். மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். தண்ணீர் ஊற்றத் துடித்த கையை அடக்கிக்கொண்டேன்.

தை பிறந்ததும் பூத்தது. நன்றி சொல்லத் தொட்டியையே தூக்கிச் சென்றேன். பூவைப் பார்க்காமல் மண்ணைத்தான் முகர்ந்தார், பிறகே சிரித்தார்.